எற்பாட்டு நேரத்தில் வேம்பநாட்டுக் காயல்

கம்பத்துக்காரர்களுக்குத் தேக்கடி என்பது தலைக்கு மேலே இருக்கும் ஏரி. வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தால் குமுளி மலை ஏறி, அவர்களைப் படகில் ஒரு சுற்று அழைத்துச் சென்று காட்டிவிட்டு, இருட்டுவதற்குள் ஊர் திரும்பிவிடுவது எங்கள் வீட்டிலும் வழக்கமாக இருந்தது. 2009ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதி மாலை அந்த ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததோடு அந்த வழக்கம் நின்றுபோனது. இறந்தவர்களில் எங்களுக்கு உறவினரோ அறிமுகமானவரோ எவரும் இல்லை. ஆனாலும் அன்றிரவு நெடுநேரம் வாசற்படியில் உட்கார்ந்து மலைப்பாதையையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா, அதன் பிறகு எந்த ஊரிலும் படகில் கால் வைத்ததில்லை. கொடைக்கானலுக்குப் போனாலும், உதகைக்குப் போனாலும், "நீங்க போயிட்டு வாங்க, நான் பையைப் பாத்துக்கிறேன்" என்று கரையிலேயே இருந்துவிடுவார்.

அப்படிப்பட்டவரை இந்தப் பொங்கல் விடுமுறையில் கேரளத்தில் வேம்பநாட்டுக் காயல் கரையிலுள்ள குமரகத்தில் படகு ஏற்றியதைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். மாட்டுப் பொங்கல் முடிந்த மறுநாள் விடியற்காலையில் அப்பா, அம்மா, என் கணவர், இரண்டு பிள்ளைகள், நான் என ஆறு பேரும் புறப்பட்டு, குமுளி, குட்டிக்கானம், முண்டக்கயம் வழியாகக் கோட்டயம் இறங்கி, மதியத்துக்கு மேல் குமரகம் சேர்ந்தோம்.

வேம்பநாட்டுக் காயலுக்குப் போகும் நம் ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் ஆலப்புழைக்குப் போய் வீட்டுப்படகில் ஏறுகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சூரியன் மறைவதைத் தண்ணீரின் மீதிருந்து பார்க்க வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு நான் குமரகத்தைத்தான் சொல்வேன். ஆலப்புழை காயலின் தென்மேற்கு முனையில் இருக்கிறது. அங்கே சூரியன் ஊருக்குப் பின்னால், தென்னைகளுக்குப் பின்னால் இறங்கிவிடும். குமரகமோ கிழக்குக் கரை. அங்கிருந்து மேற்கே பார்த்தால் எதிர்க்கரைத் தென்னைகள் ஒரு மெல்லிய கோடாகத் தெரியும் அளவுக்குத் தண்ணீர் விரிந்து கிடக்கும். மேலும் வீட்டுப்படகுகள் அந்தி சாயும்போது கரை ஒதுங்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு காயல் வலை போடுகிறவர்களுக்கு உரியது. அந்தப் பெரிய படகுகளின் முன்னோர்களான கெட்டுவள்ளங்கள், ஆணியே இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டி, நெல் ஏற்றிச் சென்றவை என்பதை அப்பா அறிந்தபோது, ஒரு நாள் அதிலும் தங்க வேண்டும் என்றார். இந்த முறை எங்களுக்கு வேண்டியிருந்தது இரண்டு மணி நேரச் சிறு பயணம் மட்டுமே.

படகை முன்கூட்டியே தொலைபேசியில் பேசி வைத்திருந்தேன். வாடகையைக் கேட்பதற்கு முன்பே மூன்று விஷயங்களைக் கேட்டேன். படகு ஒரே தளம் கொண்டதா? எங்கள் ஆறு பேரைத் தவிர வேறு யாரையும் ஏற்றுவார்களா? பிள்ளைகளின் அளவுக்கு உயிர்காப்பு அங்கி இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் திருப்தியான பதில் கிடைத்த பிறகுதான் அம்மாவிடமே பேச்சை எடுத்தேன். குடும்பத்தோடு நிம்மதியாக ஒரு மாலையைக் கழிக்க வேண்டுமென்றால், பயப்படுகிறவரின் பயத்துக்கு முதலில் பதில் சொல்லியாக வேண்டும் என்பது என் எண்ணம். "ஒண்ணும் ஆகாது, பேசாம ஏறு" என்று கையைப் பிடித்து இழுப்பதில் எனக்கு ஒருபோதும் உடன்பாடு கிடையாது.

எங்களுக்கு வந்தது சிக்காரா என்று அங்கே சொல்லப்படும் கூரை போட்ட மோட்டார் படகு. ஓட்டியவருக்கு அறுபது வயதை ஒட்டி இருக்கும். அவர் முதலில் செய்த காரியம், ஒவ்வொருவராக அருகில் வந்து அங்கியின் வார்களைத் தானே இழுத்துப் பார்த்ததுதான். அப்பா அங்கியைச் சட்டை மாதிரி தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படகோட்டி ஒன்றும் சொல்லாமல் அவர் முன் குனிந்து, மூன்று கொக்கிகளையும் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக மாட்டி, இரண்டு விரல்களை வாருக்குள் நுழைத்து இறுக்கம் சரிதானா என்று பார்த்த பிறகே நிமிர்ந்தார். அதை அம்மா கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்குச் சற்று முன்பாகக் கயிறு அவிழ்ந்தது.

முதல் அரை மணி நேரம் வாய்க்கால்களில்தான். இரண்டு பக்கமும் வீடுகள், துணி துவைக்கும் படிகள், வாசலில் கட்டிய சிறு வள்ளங்கள் என்று மெதுவாகக் கடந்துபோயின. ஒரு திருப்பத்துக்குப் பிறகு வீடுகள் நின்று, வரப்புக்கு அப்பால் நெல்வயல் தொடங்கியது. அப்பா எழுந்து நிற்கப் பார்த்தார், படகோட்டி கையமர்த்தினார். நாங்கள் மிதந்துகொண்டிருந்த தண்ணீர் மேலே இருந்தது. பயிர் எங்களுக்குக் கீழே இருந்தது. குட்டநாட்டு வயல்கள் கடல்மட்டத்துக்கும் கீழே இருப்பவை என்று படித்திருக்கிறேன். சில இடங்களில் 2 மீட்டருக்கும் மேல் ஆழத்தில் இருப்பவை என்றும், அந்த வேளாண் முறையை ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2013இல் உலக வேளாண் மரபுகளில் ஒன்றாக அங்கீகரித்தது என்றும் அப்பாவுக்குச் சொல்லியும் இருந்தேன். சொன்னதைக் கேட்டுக்கொள்வது ஒன்று, படகில் உட்கார்ந்தபடி நெற்பயிரின் நுனியைக் குனிந்து பார்ப்பது வேறொன்று.

வரப்பின் ஒரு மூலையில் மரப்பெட்டி ஒன்றிலிருந்து தண்ணீர் நுரைத்து வாய்க்காலில் விழுந்துகொண்டிருந்தது. அதை அங்கே 'பெட்டியும் பறையும்' என்கிறார்கள். பறை போன்ற நிற்கும் உருளைக்குள் விசிறி சுழன்று, வயலில் ஊறும் தண்ணீரை மேலே தூக்க, அது பெட்டியின் வழியாக வெளியே போகிறது. மின்மோட்டாரில் ஓடும் அந்த எளிய மரப்பொறி நிற்காமல் இறைத்தால்தான் அங்கே நெல் நிற்கும். அப்பா ஐம்பது ஆண்டுகளாக முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் விளைவித்தவர். மதகு திறக்கும் தேதிக்காகக் காத்திருப்பதும், வாய்க்காலில் முறைத் தண்ணீர் வருகிறதா என்று நள்ளிரவில் டார்ச் விளக்கோடு போய்ப் பார்ப்பதுமாகவே அவருடைய வாழ்க்கை கழிந்தது. "நம்ம தண்ணிய வயலுக்குள்ள கொண்டுவரப் பாடுபடுறோம், இவங்க வெளிய தள்ளப் பாடுபடுறாங்க" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பெட்டி கண்ணிலிருந்து மறையும் வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

வாய்க்காலின் வாய் திறந்து காயல் தெரிந்தபோது அம்மாவின் கை என் முழங்கையைப் பற்றியது. அந்த அகலம் யாரையும் ஒரு கணம் பேச்சிழக்கச் செய்யும். இந்தியாவின் மிக நீளமான ஏரி இதுதான்; ஏறத்தாழ 96 கிலோமீட்டர், ஆலப்புழை, கோட்டயம், எர்ணாகுளம் என மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. எதிர்க்கரையை ஒட்டிப் பசுமையான திட்டாகத் தெரிந்தது பாதிராமணல் தீவு. பெயருக்குப் பொருள் நள்ளிரவு மணல் என்றதும் என் மகள் அந்தத் தீவு இரவில் மட்டும் தெரியுமா என்று கேட்டாள்.

படகு போகும் வழியில் ஆகாயத்தாமரை கூட்டம் கூட்டமாக மிதந்து வந்தது. ஊதாப் பூக்களைக் கண்டு பிள்ளைகள் மகிழ்ந்தார்கள், படகோட்டி மகிழவில்லை. அதை அவர்கள் 'போள' என்கிறார்கள். வடக்கே தண்ணீர்முக்கத்தில் காயலுக்குக் குறுக்கே ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான தடுப்பணை இருக்கிறது. கடலின் உப்புத் தண்ணீர் ஏறிக் குட்டநாட்டு நெல்லைக் கெடுத்துவிடாமல் இருக்க, கோடை முன்னிட்டு அதன் கதவுகளை அடைப்பார்கள். நெல் பிழைக்கிறது. ஆனால் உப்பு ஏறினால் சாக வேண்டிய போளையும் பிழைக்கிறது. கடலிலிருந்து வளர்வதற்காக ஏறி வரும் இறால் குஞ்சுகளுக்கும் மீன் குஞ்சுகளுக்கும் வழி அடைபடுகிறது. காயலின் அடியில் கக்கா எனப்படும் சிப்பியைப் பொறுக்கி வாழ்கிறவர்களுக்கும் இதனால் இழப்பு. அப்பா கையை நீட்டி, ஒரு விரலைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பு இல்ல" என்றார். படகோட்டி தலையசைத்தார். விவசாயியாக அது அவருக்கு நல்ல செய்தியாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் எதிரில் உட்கார்ந்திருந்தவர் மீனை நம்பி வாழ்ந்தவர் என்பதால் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. இரண்டு பேருடைய நியாயத்தையும் ஒரே தண்ணீர் எப்படித் தாங்கும் என்ற கேள்வி இப்போதும் என்னை விட்டுப் போகவில்லை.

கரையிலிருந்து நன்றாக விலகியதும் மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். ஒரு மாலைப் படகுப் பயணத்தின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. செல்கிறவர்கள் தயங்காமல் கேட்டுப் பெற வேண்டும். மோட்டார் ஓடும்வரை நாம் பயணிகள். அது நின்று, அலையும் அடங்கி, படகு தன் விருப்பத்துக்கு மெல்லத் திரும்பத் தொடங்கும்போதுதான், பலகையின் அடியில் தண்ணீர் தட்டும் 'தளக், தளக்' ஓசையும் எங்கோ தொலைவில் ஒருவர் வள்ளத்தின் விளிம்பைத் துடுப்பால் தட்டுவதும் காதில் விழுகின்றன.

அந்த அமைதியில்தான் அம்மா கேட்டார்: "தம்பி, இங்க எப்பவாச்சும் படகு கவிழ்ந்திருக்கா?"

நான் பதறிப்போனேன். படகோட்டி பொய் சொல்லவில்லை. 2002 ஜூலை 27ஆம் தேதி காலை, எதிர்க்கரை ஊரான முஹம்மாவிலிருந்து குமரகத்துக்கு வந்துகொண்டிருந்த படகு இந்தக் காயலில் மூழ்கி 29 பேர் இறந்ததை, பாதி மலையாளமும் பாதி தமிழுமாகச் சொன்னார். அவர்களில் பலர் அரசுப் பணிக்கான தேர்வு எழுத வந்துகொண்டிருந்தவர்கள். தானும் வள்ளத்தை எடுத்துக்கொண்டு ஓடியதாகவும், கையில் அகப்பட்டவர்களைத் தூக்கிப் போட்டதாகவும் சொல்லிவிட்டு, அம்மாவின் அங்கி வாரைச் சுட்டிக்காட்டினார். தான் ஏன் அதை இழுத்துப் பார்க்காமல் கயிறு அவிழ்ப்பதில்லை என்பதை அதற்குமேல் விளக்கத் தேவையிருக்கவில்லை. அம்மா தேக்கடியைப் பற்றிச் சொன்னார். அவருக்கும் அது தெரிந்திருந்தது. இரண்டு பேரும் சற்று நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு அம்மாவின் கை என் முழங்கையில் இல்லை என்பதை நான் கவனித்தேன்.

மணி ஆறைத் தாண்டியிருந்தது. பள்ளியில் நெய்தல் திணையைப் படித்தவர்களுக்கு அதன் சிறுபொழுது எற்பாடு என்பது நினைவிருக்கும். எல் என்றால் ஞாயிறு. பாடு என்றால் சாய்தல். கடலும் கழியும் சார்ந்த நிலத்துக்கு ஏன் இந்தப் பொழுதைக் கொடுத்தார்கள் என்று மாணவியாக இருந்தபோது நான் யோசித்ததே இல்லை. தேர்வுக்கு மனப்பாடம் செய்ததோடு சரி. மலையடிவாரத்தில் வளர்ந்த எனக்கு ஞாயிறு சாய்வது என்பது மலைக்குப் பின்னால் சட்டென்று ஒளிந்துகொள்வதுதான். மறையும் இடத்தை நாங்கள் பார்ப்பதில்லை. காயலில் அது கடைசித் துளி வரை கண்ணுக்கு முன்னாலேயே நடக்கிறது. வெளிச்சம் முதலில் தண்ணீரில் மஞ்சளாக நீண்டது. பிறகு செம்பு நிறமானது. அதன் குறுக்கே ஒரு வள்ளம் போனபோது வள்ளமும் ஆளும் கரிக்கோடாகத் தெரிந்தார்கள். நீரின் அருகே இறங்கியதும் சூரியன் அமுக்கிய எலுமிச்சை மாதிரி தட்டையானது. காற்றுப் படலத்தின் வழியே வரும்போது கீழ் விளிம்பின் ஒளி மேல் விளிம்பைவிட அதிகமாக வளைவதால் அப்படித் தோன்றுகிறது என்று என் கணவர் மகனுக்கு விளக்கினார். மகன் விளக்கத்தைக் கேட்டானா என்று தெரியவில்லை. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

பறவைகள் அதற்குள் திரும்பத் தொடங்கிவிட்டன. நீர்க்காகங்கள் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் வரிசையாகக் குமரகத்துச் சரணாலயத்தின் மரங்களை நோக்கிப் போயின. கொக்குகள் அவற்றுக்கு மேலே சென்றன. சீழ்க்கைச் சிறகிகளின் விசில் சத்தம் இருட்டத் தொடங்கும்போதுதான் கேட்டது. கரையோரத் தாழம்புதரைக் காட்டி இது என்ன என்று மகள் கேட்க, படகோட்டி "கைத" என்றார். நெய்தல் பாட்டுகளில் தாழைக்குக் கைதை என்றொரு பெயர் உண்டு. நாம் ஏட்டில் வைத்துக்கொண்ட சொல்லை அவர்கள் வாயில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை எண்ணி எனக்கு உண்மையாகவே மெய் சிலிர்த்தது. காயல், வள்ளம், ஆம்பல் என்று அவர் சொன்ன எந்தச் சொல்லுக்கும் எங்களுக்குப் பொருள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆறு இருபதை ஒட்டி சூரியன் முழுவதும் இறங்கியது. உடனே திரும்பிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அடுத்த கால் மணி நேரத்தில்தான் வானம் அடியில் சிவந்து மேலே நீலம் கனத்து, இரண்டும் தண்ணீரில் கலந்து நின்றன. கையோடு கொண்டுபோயிருந்த அதிரசத்தையும் முறுக்கையும் அம்மா எடுத்து, முதலில் படகோட்டிக்குக் கொடுத்தார்.

படகுத்துறையை நெருங்கும்போது நன்றாக இருட்டியிருந்தது. எதிரே, விளக்குகள் எரிய, அரசுப் போக்குவரத்துப் படகு ஒன்று வேலை முடிந்து திரும்பும் ஆட்களை ஏற்றிக்கொண்டு காயலுக்குள் போனது. அது எங்கே போகிறது என்று அம்மா கேட்டார். முஹம்மாவுக்கு என்றும், பாதிராமணலைத் தாண்டித்தான் போகும் என்றும் படகோட்டி சொன்னார். அதன் விளக்குகள் சிறுத்துப் புள்ளியாகும் வரை அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அங்கியின் கொக்கிகளைத் தானே கழற்றி, மடித்து, படகோட்டியின் கையில் கொடுத்தபடி, "காலையில அந்தப் படகு எத்தன மணிக்கு, தம்பி?" என்று கேட்டார்.