தக்காளி லாரில வந்த கொரோனா

2020 மார்ச்ல எங்க ஊர்ப்பக்கம், அதாவது அரியலூர் மாவட்டம் செந்துறை சைடு, எல்லாரும் ஃப்ளைட்ல வந்தவன் எவன்னு தான் தேடிட்டு இருந்தோம். துபாய்ல இருந்து வந்த ஒருத்தர் வீட்டுல தனிமைப்படுத்தல் ஸ்டிக்கர் ஒட்டுனதும் அந்தத் தெருவுக்கு பால்காரர் கூட போகல. அந்த துபாய்க்காரருக்கு கடைசி வரைக்கும் ஒரு தும்மல் கூட வரல. எங்களுக்கு வந்ததெல்லாம் சென்னை கோயம்பேடு காய்கறி மார்க்கெட்ல இருந்து.

சென்னைல ஏப்ரல் 26ல இருந்து நாலு நாள் முழு ஊரடங்குன்னு சொன்னாங்கல்ல, அதுக்கு முந்தின நாள் மார்க்கெட்ல நின்ன கூட்டத்த டிவில பாத்திருப்பீங்க. வீட்டுல இருங்கன்னு போட்ட உத்தரவு தான் அத்தன பேரையும் ஒரே இடத்துல கொண்டு போய் சேத்துச்சு, என்னத்த சொல்ல. அப்புறம் கேஸ் ஏற ஏற மே 5ந்தேதி மார்க்கெட்ட மூடுனாங்க. மூடுனது சரி, ஆனா மூட்டை தூக்குறவங்களுக்கு அந்த கடை வாசல் தானே வீடு, எங்க போய் படுப்பாங்க? பஸ் இல்ல, ட்ரெயின் இல்ல, ரோட்டுல காய்கறி லாரிய மட்டும் தான் மறிக்கல, அதுல ஏறிட்டாங்க.

எங்க சித்தப்பாவும் அப்படித்தான், காலி லாரில தார்ப்பாய்க்கு அடியில படுத்துட்டு வந்து ராத்திரி மூணு மணிக்கு மெயின் ரோட்டுல இறங்கி வயக்காட்டு வழியா நடந்து வந்தாரு, தோள்ல அரை சாக்கு கேரட்டும் தக்காளியும். வெறுங்கையோட எப்படிடா வர்றதுன்னாரு. சித்தி விடியறதுக்குள்ள நாலு வீட்டுக்கு பங்கு போட்டு குடுத்துட்டாங்க. சித்தப்பாவுக்கு இருமல் காய்ச்சல் எதுவுமே இல்ல, பள்ளிக்கூடத்துல வச்சு டெஸ்ட் எடுத்தா பாசிட்டிவ்.

அப்ப கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர்னு தான் நியூஸ் ஓடிச்சு. சென்னைக்கு எந்த ஊரு பக்கம்னு பாத்தா அது வந்துச்சு? எந்த ஊர்ல பொழப்பு இல்லாம கோயம்பேட்டுக்கு ஆள் போகுதோ அங்க வந்துச்சு. 1918 ஃப்ளூவும் கப்பல்ல பம்பாய்ல இறங்கி ரயில் ஏறி தான் நாடு பூரா போச்சு, பம்பாய் காய்ச்சல்னே பேரு வச்சிருக்காங்க. அப்ப போருக்குப் போய்ட்டு வந்த சிப்பாய்ங்க, இப்ப லோடுமேனுங்க.

செப்டம்பர்ல மார்க்கெட் திறந்ததும் சித்தப்பா திரும்பவும் லாரி ஏறிட்டாரு. இப்பல்லாம் ஊருக்கு வந்தா காய்கறி கொண்டு வர்றதில்ல, பிஸ்கட் பாக்கெட் தான்.