பீர்க்கங்காய் வாய்

யூலை 9
அம்மா அடுப்படிக் கம்பியில் கட்டிவிட்ட விதைப் பீர்க்கங்காய் அப்படியே தொங்குகிறது. தோல் பழுப்பாகிவிட்டது. காதோடு வைத்துக் குலுக்கினால் உள்ளே சலசலக்கிறது. "தானா வாய் திறக்கும், நீ குத்திக் கிண்டிப் போடாதை." ஆஸ்பத்திரிக்குப் போக ஓட்டோவில் ஏறும்போதும் இதைத்தான் சொன்னா. கீழே சுளகு வைத்திருக்கிறேன்.

யூலை 10
ரிப்போர்ட் வரவில்லை.

யூலை 12
ரியூசனில் இன்று வெடிகனிகள். எருக்கங்காய் ஒரு பக்கத்தால் பிளக்கும், பயறு இரண்டு பக்கத்தாலும். வெண்டிக்காய் முற்றினால் ஒவ்வொரு அறையின் முதுகும் கீறும். பனம்பழம் ஒன்றும் செய்யாது, விழுந்து கிடக்கும். முற்றத்தில் பத்துமணிப் பூவின் காய் இருந்தது, பறித்துக் காட்டினேன். குறுக்கே வளையமாக வெடித்து மேல்பாதி தொப்பி மாதிரிக் கழன்று வரும். அந்தத் தொப்பிக்கு ஒபர்குலம் என்று பெயர். இலத்தீனில் மூடி, அவ்வளவுதான். பீர்க்குக்கும் அது உண்டு, நுனியில் சின்னதாக.

கடைசி வாங்கில் இருக்கிறவன் கேட்டான்: "மூடிக்குப் பேர் இருக்கு ரீச்சர். மூடி விழுந்தாப்பிறகு இருக்கிற ஓட்டைக்கு?"

துளை என்றேன். அவன் எழுதவில்லை. எனக்கும் பிடிக்கவில்லை. துளை என்றால் யாராவது துளைத்திருக்க வேண்டும்.

யூலை 13
அம்மாவிடம் கேட்டேன். "வாய்தானே, வேறென்ன?" பிறகு, "விழுந்திட்டுதோ?" இல்லை என்றேன். திரும்பிப் படுத்துவிட்டா.

யூலை 17
ஆடிப்பிறப்பு. நான் கூழ் காய்ச்சவில்லை. பக்கத்து வீட்டு மாமி ஒரு செம்பில் கொண்டுவந்து தந்தா, கொழுக்கட்டையும் நாலு. வார்டுக்குள் விடுவார்களா என்று கேட்க நினைத்து, கேட்காமலே நின்றபடி குடித்து முடித்தேன். தேங்காய்ச்சொட்டு நிறையப் போட்டிருந்தா.

யூலை 18
இன்னும் இல்லை. இரண்டுக்கும் அதே பதில்.

யூலை 20
சோளகக் காற்று இரவு முழுக்க. பீர்க்கங்காய் சுவரில் தட்டித் தட்டி நித்திரை இல்லை. மூன்று தரம் எழும்பி லைட் போட்டுப் பார்த்தேன். சுளகில் பல்லி.

யூலை 21
ஒரு கவுண்டரில் கேட்டால் அடுத்த கவுண்டர். அங்கே கேட்டால் கொழும்பிலிருந்து வரவேண்டும். கொழும்புக்கு எப்போது போனது என்றால் அதற்கு முதல் கவுண்டர். வெயிலுக்குள் ஒன்றரை மணித்தியாலம் நின்றுவிட்டு வந்தேன். அம்மாவில் சோதனைக்குச் சதைத் துண்டை எடுத்தது ஐந்து நிமிடத்தில்.

வந்து ரியூசனுக்கு எள்ளு. எள்ளுக்காய் நுனியிலிருந்து பிளந்துகொண்டு வரும். அதனால்தான் முழுக்கக் காய முன்பே செடியை அறுத்து, கட்டி, நிமிர்த்தி வைப்பது. ஒரு நாள் பிந்தினால் விதை நிலத்தில். 1943 இல் வெனிசுவேலாவில் லாங்கம் என்ற ஆராய்ச்சியாளர் தம் எள்ளுக்குள் வெடிக்காத காய் உள்ள செடியொன்றைக் கண்டார். கொட்டாத எள்ளு! சரி, கையில் வந்த பிறகு? காய் விதையை விடாது. அடித்துத்தான் உடைக்க வேண்டும், அடித்தால் விதைக்கும் காயம். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்று தெரியாமல் மார்க்கர் மூடியைத் தேடிக்கொண்டு நின்றேன்.

யூலை 22
கத்தியை எடுத்தேன். நுனியில் ஒரு குத்து, அவ்வளவுதானே. டோர்ச் அடித்துப் பார்த்தால் நுனியைச் சுற்றி மயிரளவு ஒரு கோடு. நேற்று இருந்ததா? கத்தியைக் கழுவி வைத்தேன். ஒன்றையும் வெட்டாத கத்தியை ஏன் கழுவினேன்?

யூலை 23
அம்மா இன்று நல்லாகக் கதைத்தா. பீர்க்கம்பூ பின்னேரத்தில்தான் விரியும், அந்த நேரம் பந்தலுக்குக் கீழே போகாதே, வண்டு வரட்டும் என்று சின்ன வயதில் என்னைக் கலைத்ததைச் சொல்லிச் சிரித்தா. சின்னம்மா எனக்குக் கண்ணைக் காட்டி வெளியே கூட்டிப்போய், "அவவுக்குத் தெரியும் போல" என்றா. என்ன தெரியும் என்று நான் கேட்கவில்லை.

யூலை 25
விழுந்துவிட்டது. நான் ஆஸ்பத்திரியில் நின்ற நேரம். சுளகில் 43 விதை, கறுப்பு, தட்டை. குளிர்சாதனப் பெட்டிக்குக் கீழே இன்னும் ஐந்து. விரலை விட்டுப் பார்த்தேன், மூன்று அறை, நாருக்குள் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மூடியைக் காணவில்லை. கூட்டிப் பார்த்தேன், அம்மிக்குப் பின்னாலும் பார்த்தேன்.

யூலை 26
நாளை பத்து மணிக்கு வரச்சொல்லிப் போன் வந்தது. யாராவது ஒரு ஆளோடு வரட்டாம்.