சிரட்டை கவிழ்த்த ஆடி மாதம்

2021 ஜூலை 8. எனக்கு ஐந்தாம் மாதத் தொடக்கம். பாறசாலையில் ஒரு கர்ப்பிணிக்கு கொசு பரப்பும் ஜிகா வைரஸ், கேரளத்திலேயே முதல் கேஸ் என்று டிவியில் ஓடியது. பாறசாலை எங்களுக்கு வேற்று மாநிலம் என்கிற நினைப்பே வராத ஊர். எங்கள் குமரி மாவட்ட எல்லையிலிருக்கும் களியக்காவிளையைத் தாண்டினால் வந்துவிடும். போதாததற்கு, வீட்டுக்காரர் வாழைக்குலை லோடோடு வாரம் மூன்று நாள் திருவனந்தபுரம் சாலை மார்க்கெட் போய்வருபவர்.

அன்று ராத்திரி, கர்ப்பத்தில் அம்மாவுக்கு ஜிகா வந்ததால் பிரேசிலில் தலை சிறுத்துப் பிறந்த குழந்தைகளின் படங்களை போனில் தேடிப் பார்த்துவிட்டேன். கர்ப்பமாக இருப்பவர்கள் அந்த வேலையை மட்டும் செய்யாதீர்கள்.

மறுநாள் நர்ஸக்காவிடம் போனேன். "ராத்திரி வலைக்குள்ளதான் படுக்கேன் அக்கா" என்றேன், பெருமையாக. "பகல்ல?" என்றார். டெங்கு பரப்பும் அதே ஏடிஸ் கொசுதான் இதையும் பரப்புகிறது, அது பகலில் கடிப்பது. நானோ சாயங்காலமானால் திண்ணையில் காலை நீட்டி உட்காருகிறவள். அன்றிலிருந்து பகல் தூக்கத்துக்கும் வலை, முழுக்கை நைட்டி, காலில் சாக்ஸ். டீட் கலந்த கொசுவிரட்டியைக் கர்ப்பிணிகளும் பூசலாம் என்றார்.

அடுத்து, கொசு முட்டையிடுகிற தேங்கின தண்ணீரை ஒழிக்கும் வேலை. ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, தொட்டி மூடி எல்லாம் ஒரே காலையில் முடிந்தது. முடியாதது பின்பக்கத்து ரப்பர் தோட்டம். மழைக்குப் பால்வெட்டு நின்றிருந்ததால் மரத்துக்கு ஒரு சிரட்டை (பால் பிடிக்கிற கொட்டாங்குச்சி), சிரட்டை நிறையத் தண்ணீர். ஒன்றைச் சாய்த்துப் பார்த்தேன். கறுத்த தண்ணீரில் நறுக்கின நூல்போல நெளிந்தவை, என் நிழல் பட்டதும் அடிக்கு இறங்கின. இங்கே அதிகம் பெருகுவது ஏடிஸின் இன்னொரு வகையான புலிக்கொசு. அதுவும் ஜிகாவைச் சுமக்கக்கூடியதுதான்.

"மக்கா, நீ குனியாதே" என்று மாமி இறங்கிவிட்டார். இருநூறு மரம். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும் என்பதால் ஞாயிறுதோறும் இந்த வேலை. கொட்டினால் மட்டும் போதாது. முட்டை உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் கிடக்கும். மாமி நாரால் தேய்த்துத்தான் கவிழ்த்தார்.

அடுத்த முறை நர்ஸக்கா வீட்டுக்காரரையும் வரச்சொன்னார். உடலுறவு வழியாகவும் ஜிகா தொற்றும், பலருக்குக் காய்ச்சலே தெரியாது, அதனால் பிரசவம்வரை ஆணுறை, இல்லையென்றால் விலகியிருங்கள் என்று காய்கறி விலை சொல்வதுபோலச் சொன்னார். இவர் சுவர்க் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். குழித்துறைப் பாலம்வரை பைக்கில் பேச்சில்லை. அப்புறம், "கொரோனாவுக்கு ஒரு மாஸ்க்கு, இதுக்கு ஒண்ணா?" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

நடுவில் இரண்டு நாள் எனக்குக் காய்ச்சல். பாரசிட்டமால் மட்டும் கொடுத்தார்கள். டெங்கு இல்லை என்று தெரியும்வரை வேறு வலி மாத்திரை கூடாதாம். ரத்தமும் சிறுநீரும் சோதனைக்குப் போயின. முடிவு வரும்வரை பட்ட பாடு இருக்கிறதே! கடைசியில் டெங்கு, ஜிகா இரண்டுமே இல்லை.

இருபதாம் வார ஸ்கேனில் தலைச் சுற்றளவு 17.5 சென்டிமீட்டர், வாரத்துக்கு ஏற்ற அளவு என்றார் டாக்டர். வெளியே வந்ததும் மாமிக்கு போன் போட்டேன். "சரி மக்கா, இன்னும் நாப்பது மரம் கெடக்கு" என்று வைத்துவிட்டார்.