போகும் முன் பூட்ஸைக் கழுவு

ஆள் நடமாட்டம் இல்லாத இடங்களுக்குத் தாவரக் கணக்கெடுப்புக்குப் போகிற வேலை என்னுடையது. கேட்பவர்கள் பாம்பைப் பற்றியும் வழி தவறுவதைப் பற்றியும்தான் விசாரிப்பார்கள். எனக்கோ கிளம்புகிற நாள் நெருங்க நெருங்க பூட்ஸ் மேல்தான் கவலை.

முந்தின இரவு முழுக்க சுத்தம் செய்வதிலேயே போய்விடும். பூட்ஸின் அடிப்பள்ளங்களில் காய்ந்து கிடக்கும் மண்ணை ஊசியால் நெம்பி எடுத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, கிருமிநாசினியில் முக்கி, அப்புறம் பேன்ட் மடிப்பு, பையின் தையல் ஓரம், பாக்கெட் மூலை என்று ஒவ்வொன்றையும் வெளியே இழுத்து வேக்குவம் கிளீனர் பிடிப்போம். இருப்பதிலேயே மோசம் வெல்க்ரோ பட்டை. நூலும் தலைமுடியும் சிக்கிய கொக்கிகளுக்கு நடுவே, போன சீசனில் வேறெங்கோ ஒட்டிக்கொண்ட புல்விதை ஒன்று, முனை முள்கூட முறியாமல் உட்கார்ந்திருக்கும். ஈரம் பட்டால் போதும், முளைத்துவிடும்.

புதிதாகச் சேர்ந்தவர்கள் இதில் அலுத்துக்கொண்டால் சர்ட்சி தீவைப் பற்றிச் சொல்வேன். ஐஸ்லாந்துக்குத் தெற்கே, 1963இல் எரிமலை வெடித்துக் கடலுக்குள்ளிருந்து எழுந்த தீவு அது. வெறும் பாறையில் உயிர் எப்படி வந்து குடியேறுகிறது என்று பார்ப்பதற்காகவே ஆய்வாளர்களைத் தவிர யாரையும் விடுவதில்லை. அங்கே ஒரு தக்காளிச் செடி முளைத்திருந்தது. காற்றோ பறவையோ கொண்டுவந்ததில்லை, வந்த ஆள் ஒருவர் மலம் கழித்த இடத்தில் முளைத்தது. பிடுங்கி எடுத்தார்கள்.

பனிக்கு அடியில் கிடக்கும் ஏரிகள் என்றால் இன்னும் கஷ்டம். அண்டார்டிகாவின் வோஸ்டாக் ஏரியை 2012இல் பனியைத் துளைத்து எட்டியபோது, துளை மூடிக்கொள்ளாமலிருக்க ஊற்றியிருந்த மண்ணெண்ணெய், ஆய்வுக்கு எடுத்த நீர் மாதிரியில் கலந்துவிட்டது. கிடைத்த நுண்ணுயிர் ஏரியுடையதா, எண்ணெயோடு வந்ததா என்று சர்ச்சை கிளம்பியது. அடுத்த வருடம் அதே அண்டார்டிகாவின் வில்லான்ஸ் ஏரியில் சுமார் 800 மீட்டர் பனியை வெந்நீரால் துளைத்தவர்கள், அந்த வெந்நீரையே வடிகட்டி, புறஊதாக் கதிர் காட்டித்தான் இறக்கினார்கள். அப்படி எடுத்த முடிவைத்தான் நான் நம்புவேன்.

சரி, கால் படாத இடம் என்று அறிக்கையில் எழுதலாமா? மொசாம்பிக்கில் லிகோ மலையின் உச்சிக் காட்டைச் சுற்றிலும் செங்குத்துப் பாறைதான். 2018இல் மலையேற்றக்காரர்களின் உதவியோடு ஆய்வுக்குழு மேலே போனபோது, பழைய மண்பானைகள் அங்கே இருந்தன. அதனால் எங்கள் படிவத்தில் மனிதத் தடயம் என்ற கட்டத்தைப் போய்ச் சேர்ந்ததும் நிரப்பச் சொல்கிறேன். கூடாரம் அடித்து நாலு பேர் நடந்த பிறகு, எது பழையது எது எங்களுடையது என்று பிரிக்கவே முடியாது.