மட்டை தெரியும், சொல்லத் தெரியவில்லை

எனக்குக் கோவில்பட்டி. 1986-ல் தூத்துக்குடி மாவட்டம் பிரிந்தபோது எங்கள் ஊரும் அந்தப் பக்கம் போய்விட்டது. அப்பா மட்டும் கடைசிவரை 'திருநெல்வேலி ஜில்லா' என்றுதான் விலாசம் எழுதினார்.

பதினேழு வருடம் ஹாக்கியில் ரைட் ஹாஃபாக, அதாவது நடுக்களத்தின் வலப்பக்க ஆட்டக்காரனாக, ஆடினேன். முழங்கால் மக்கர் செய்ததும் கோச்சாகலாம் என்று பாட்டியாலா நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் ஆறு வாரச் சான்றிதழ் படிப்புக்கு விண்ணப்பித்தேன். பழைய போட்டிச் சான்றிதழ்கள் டிரங்குப் பெட்டியில் கிடந்தன. ஒன்றில் இனிஷியல் தப்பு. அதைத் திருத்த ஓர் அலுவலகத்துக்கு நாலு நடை.

காலையில் மைதானம், அப்புறம் வகுப்பு. இத்தனை வருடமாக என்னைப் பாடாய்ப் படுத்திய கெண்டைக்கால் சதைக்கு காஸ்ட்ரோக்னீமியஸ் என்று பெயராம்! பாதிக்கு 35 நிமிடம் என்று ஆடிப் பழகியவன் நான். இப்போது 15 நிமிடமாக நாலு கால்பகுதி, ஓட்டப் பயிற்சியையே மாற்றிப் போட வேண்டும். மெஸ்ஸில் தினமும் ரொட்டி. சொதி கனவில் வந்தது.

மாட்டிக்கொண்டது செய்முறைப் பாடத்தில். பந்தை நிறுத்தக் கற்றுக்கொடு என்றார்கள். கரிசல் தரையில் பந்து கட்டியில் பட்டு எங்கே துள்ளும் என்றே தெரியாது. அதிலேயே நிறுத்தினவனுக்கு, தண்ணீர் தெளித்த செயற்கைப் புல் டர்ஃபில் வழுக்கி வரும் பந்து எம்மாத்திரம்? ஐந்து முறை நிறுத்திக் காட்டினேன். "நிறுத்தினீர்கள், சரி. எப்படி?" என்றார் பயிற்றுநர். வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை.

அன்று ராத்திரி விடுதி வராந்தாவில் அறைத்தோழனை மெதுவாகப் பந்தை உருட்டச் சொல்லி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கை வலது கையைவிட முன்னால் சாய்ந்திருக்கிறது. பந்து எகிறாமல் மட்டைக்கு அடியில் அடங்குவது அதனால்தான். வலது கைப்பிடி தளர்வு. பந்து படும் நொடியில் மட்டை ஒரு விரற்கடை பின்வாங்குகிறது. பதினேழு வருடம் செய்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். மறுநாள் அதையே சொன்னேன், தேறினேன்.

இப்போது காலை ஆறு மணிக்கு ஊர்ப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் ஒரு பொடியனிடம், "வலது கையில முட்டை இருக்குன்னு நெனச்சுப் பிடிலே" என்றேன்.

"பந்து பட்டா ஒடஞ்சிரும்லா சார்?"

"இறுக்கினாத்தாம்லே ஒடையும்."

அடுத்த பந்து அவன் மட்டையில் வந்து சத்தமில்லாமல் நின்றது.