கைது மெமோவில் நேரம் எழுதும் இடம்

அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பக்கத்துச் சனங்கள் மதுரை தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையம் வரை பேரணியாக வந்தார்கள். அதற்காக 11,608 பேர் மீது வழக்குப் போட்டார்கள். பிறகு சுரங்க ஏலம் ரத்தானது, வழக்குகளும் வாபஸ் ஆயின. நல்ல விஷயம்தான். ஆனால் எல்லோருக்கும் பின்னால் ஒரு வட்டாரமே திரண்டு நிற்பதில்லை. பஸ் ஸ்டாண்டில் தனியாளாக நோட்டீஸ் கொடுப்பவரும், முகநூலில் நாலு வரி எழுதியவரும் இருக்கிறார்கள். போலீஸ் வழக்கு, கைது என்று வந்தால் அவர்களும், முக்கியமாக அவர்கள் வீட்டாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டியதை எழுதுகிறேன்.

முதலில் மண்டபம். ஆர்ப்பாட்டத்தில் பிடித்தவர்களைக் கல்யாண மண்டபத்தில் வைத்து, பேர், ஊர், போன் நம்பர் எழுதிக்கொண்டு சாயங்காலம் விடுவது வழக்கம். 'விட்டாச்சு' என்று வீட்டுக்குப் போய்விடுகிறோம். அந்தப் பட்டியலே பிறகு எஃப்.ஐ.ஆர். ஆகும். அதில் ஏழெட்டுப் பேர் பெயரும், கடைசியில் 'மற்றும் பலர்' என்றும் இருக்கும். அந்த இரண்டு வார்த்தைக்குள் யாரை வேண்டுமானாலும் பின்னால் சேர்க்கலாம். அதனால் ஒரு வாரம் கழித்தாவது காவல்துறை இணையதளத்தில் எஃப்.ஐ.ஆர். நகலைத் தேடிப் பாருங்கள்.

நகலில் தடையுத்தரவை மீறியதாக, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 188, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 223-ஆம் பிரிவு மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். சம்பந்தப்பட்ட அதிகாரி எழுத்து மூலம் நீதிமன்றத்தில் புகார் கொடுத்தால்தான் அந்தப் பிரிவில் வழக்கு நடத்த முடியும். போலீஸ் தானாகப் போட்ட எஃப்.ஐ.ஆர். செல்லாது என்று 2018 செப்டம்பரில் ஜீவானந்தம் வழக்கில் உயர்நீதிமன்றத்தின் நம் மதுரைக் கிளையே சொன்னது. போராட்ட வழக்குகளை ரத்து செய்யக் கேட்கும் மனுக்களில் வக்கீல்கள் அடிக்கடி காட்டுவது அந்தத் தீர்ப்பைத்தான். சிக்கல் தருவது அதே சட்டத்தின் 132, அதாவது அரசு ஊழியர் மீது பலம் பிரயோகித்துப் பணியைத் தடுத்தது. ஜாமீனில் விட முடியாத பிரிவு. தள்ளுமுள்ளு நடந்ததா இல்லையா என்று காட்டும் வீடியோவை அன்றைக்கே இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். ஒருவர் போனில் மட்டும் இருந்தால், அந்த போனையே பறிமுதல் செய்துவிட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

பேச்சுக்கும் எழுத்துக்கும் பெரும்பாலும் போடப்படும் 196 (பிரிவினரிடையே பகை மூட்டுவது), 353 (கலகம் விளைவிக்கும் பேச்சு, வதந்தி) இரண்டுக்கும் பொதுவாக மூன்று வருடம் வரைதான் தண்டனை. ஏழு வருடம் வரையான குற்றங்களில் எடுத்தவுடன் கைது செய்யாமல், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 35(3)-இன்படி விசாரணைக்கு வரச்சொல்லி நோட்டீஸ் கொடுப்பதுதான் முறை. அர்னேஷ் குமார் வழக்கில் 2014-இலேயே உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொன்னது இது. நோட்டீஸ் வந்தால் போகாமல் இருந்துவிடாதீர்கள். போகாததையே காரணமாக எழுதிக் கைது செய்யலாம்.

கைது என்றே ஆகிவிட்டால் எல்லாம் ஒரு தாளில் நிற்கிறது. கைது மெமோ. அதில் தேதி, நேரம், இடம், கைது செய்த அதிகாரி, சாட்சியாக வீட்டார் ஒருவர் அல்லது ஊர்ப் பெரியவர் ஒருவர் கையெழுத்து, கடைசியில் கைதானவர் கையெழுத்து. நேரம் எழுதும் இடத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்துக் கேட்பது உண்டு. போடக் கூடாது. காலை ஆறு மணிக்கு வீட்டிலிருந்து கூட்டிப்போய்விட்டு மெமோவில் மாலை ஐந்து என்று இருந்தால், 'காலை 6 மணிக்கு அழைத்து வரப்பட்டேன்' என்று தன் கையால் எழுதி அதன் கீழே கையெழுத்திட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்ற கணக்கு அங்கேதான் மாற்றப்படுகிறது.

வெளியே இருப்பவர்களும் அந்த நேரத்தைப் பதிவு செய்ய வேண்டும். முன்பெல்லாம் ஆளைக் கூட்டிப்போனதும் முதல் வேலையாகக் கலெக்டருக்கும் முதலமைச்சருக்கும் தந்தி அடிப்பார்கள். தந்தி ரசீதில் நேரம் இருக்கும், கோர்ட்டில் அது பேசும். 2013 ஜூலையோடு தந்தி நின்றுபோனது. இப்போது கமிஷனருக்கோ எஸ்.பி.க்கோ மின்னஞ்சல் அனுப்புங்கள். எத்தனை மணிக்கு, எந்த வண்டியில், யார் வந்து கூட்டிப்போனார்கள் என்று நாலு வரி போதும். ஸ்டேஷன் சி.சி.டி.வி. பதிவை அழிக்காமல் வைக்கும்படியும் அதிலேயே கேளுங்கள். பதிவைப் பல மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020-இல் உத்தரவு இருக்கிறது.

கைதுக்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது இப்போது வலுவான பாதுகாப்பு. நியூஸ்கிளிக் செய்தித் தளத்தின் நிறுவனர் பிரபிர் புர்காயஸ்தா 2024 மே மாதம் வெளியே வந்தது இதனால்தான். எழுத்தில் காரணம் தரவில்லை, எனவே கைதே செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். 'பிரிவு 196' என்று நம்பர் மட்டும் இருந்தால் அது காரணம் ஆகாது. என்ன பேசினார், அதில் எது குற்றம் என்று இருக்க வேண்டும். இதை ரிமாண்ட், அதாவது காவலில் வைக்க உத்தரவிடும் நேரத்திலேயே மாஜிஸ்திரேட்டிடம் சொல்லிப் பதிய வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ராத்திரிக் கைதுகளில் ரிமாண்ட் மாஜிஸ்திரேட் வீட்டில் நடக்கும், ஜாமீன் மனுவோ திங்கட்கிழமைதான் எடுக்கப்படும். வக்கீல் இல்லாவிட்டால் சட்டப்பணிகள் ஆணைக்குழு வக்கீலைக் கேளுங்கள், இலவச எண் 15100. அடிபட்டிருந்தால் அங்கேயே காட்டிச் சொல்ல வேண்டும். சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் போலீஸ் அடித்து இறந்த தந்தை ஜெயராஜுக்கும் மகன் பென்னிக்ஸுக்கும் நடந்ததை இந்த வட்டாரம் மறக்கவில்லை.

இதற்கெல்லாம் மேலே குண்டர் சட்டம். 1982-ஆம் ஆண்டுச் சட்டம், விசாரணை இல்லாமல் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். 2017-இல் சேலம் மாணவி வளர்மதி மீது, ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராகத் துண்டறிக்கை கொடுத்த விவகாரத்தில் இது பாய்ந்தது. மெரினாவில் ஈழத் தமிழருக்கு நினைவேந்தல் நடத்த முயன்ற திருமுருகன் காந்தி மீதும் பாய்ந்தது. இரண்டையும் அதே ஆண்டு செப்டம்பரில் உயர்நீதிமன்றம் ரத்து செய்தது.

மதுரை மாநகருக்குள் கமிஷனரும், வெளியே கலெக்டரும் இதில் உத்தரவு போடுவார்கள். ஐந்து நாளுக்குள் காரணங்களையும் ஆவணங்களையும் சேர்த்து ஒரு தடித்த புக்லெட்டாகச் சிறையில் கொடுப்பார்கள். அதை வீட்டார் வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்ட வேண்டும். ஜெராக்ஸில் எழுத்து தெரியாத பக்கம், தமிழாக்கம் இல்லாத ஆங்கில உத்தரவு, விட்டுப்போன பக்க எண் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். படிக்க முடியாத ஆவணத்துக்கு எப்படிப் பதில் எழுதுவது என்பதே வாதம், அதில் உடைந்த உத்தரவுகள் ஏராளம்.

அடுத்து முறையீட்டு மனு. அரசு 12 நாளுக்குள் உத்தரவுக்கு ஒப்புதல் தர வேண்டும், மூன்று வாரத்துக்குள் இந்த உத்தரவுகளைப் பரிசீலிக்கும் குழுவான அறிவுரைக் கழகத்தின் முன் வைக்க வேண்டும். எனவே முதல் வாரத்திலேயே மனுவைக் கமிஷனருக்கோ கலெக்டருக்கோ, சென்னை உள்துறைச் செயலாளருக்கு, அறிவுரைக் கழகத்துக்கு என்று தனித்தனியாக ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். ஒரு பிரதியைச் சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவும் கொடுங்கள். ரசீதுகளை ஒரு கவரில் போட்டு வையுங்கள். அரசு பதில் சொல்லாமல் தாமதித்த நாட்களை அந்த ரசீதிலிருந்துதான் எண்ணுவார்கள். விளக்கம் இல்லாத தாமதமும் உத்தரவை உடைக்கும். அறிவுரைக் கழகத்தில் வக்கீல் வாதாட உரிமை இல்லை. விவரம் தெரிந்த நண்பர் ஒருவரை உடன் அனுமதிக்கக் கேட்கலாம்.

ஆளைக் கோர்ட்டில் நிறுத்தி விடுவிக்கக் கேட்கும் ஆட்கொணர்வு மனுவை ஒத்தக்கடைப் பக்கம் உயர்நீதிமன்றக் கிளையில் போட வேண்டும். அது பட்டியலுக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம் என்பதுதான் பெரிய கொடுமை. உத்தரவு ரத்தாகும்போது பாதித் தண்டனை முடிந்திருக்கும். ரத்தானாலும், முதலில் கைதான மூல வழக்கில் தனியாக ஜாமீன் வாங்கியிருக்காவிட்டால் மதுரை அரசரடி ஜெயில் கதவு திறக்காது. ஜெயிலில் ஆளைச் சந்திக்க மனு பார்க்கப் போகும் முதல் நாளே, வக்கீலுக்கு அதிகாரம் தரும் வக்காலத்தில் அதற்கும் சேர்த்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.