யாக்கோ பாட்டும் அஞ்சு பிரதேஷும்

குழந்தைகளுக்கு அனிமேஷன் வீடியோ பண்ற ஒரு ஸ்டுடியோல பாட்டு எழுதுறதுதான் என் வேலை. காய்கறி, கலர், கிழமைன்னு எல்லாத்துக்கும் எழுதியாச்சு. இதுல பூகோளப் பாட்டுன்னு ஒரு ஆர்டர் வந்தா மட்டும் மீட்டிங்ல யாராவது ஒருத்தர் லேப்டாப்பைத் திருப்பி, அனிமேனியாக்ஸ்ல வர்ற யாக்கோ பாட்டைப் போட்டுக் காட்டி "இது மாதிரி வேணும் சார், ஆனா தமிழ்ல"ன்னு சொல்லிடுவாங்க. சொல்றது ஈஸி.

தெரியாதவங்களுக்கு, அது 1993 செப்டம்பர்ல அமெரிக்கால ஃபாக்ஸ் கிட்ஸ்ல ஆரம்பிச்ச கார்ட்டூன், ஸ்பீல்பெர்க் பேரைப் போட்டு வந்தது. யாக்கோங்கிற கேரக்டர் ஒரு பெரிய உலக மேப் முன்னாடி குச்சியை வெச்சுட்டு நின்னு, நாட்டுப் பேரா மூச்சு விடாம அடுக்கிட்டே போகும், ரெண்டு நிமிஷத்துக்குள்ள பாட்டு முடிஞ்சிடும். குரல் ராப் பால்சன், அதை ஒரே டேக்ல பாடினதா சொல்லுவாங்க. எழுதினவர் ராண்டி ரோகெல். பையன் ஜியாகிரஃபி டெஸ்ட்டுக்குப் படிச்சிட்டு இருக்கும்போது இவர் மேப்பைப் பாக்க, யுனைடெட் ஸ்டேட்ஸ், கனடா, மெக்ஸிகோ, பனாமான்னு பேர் எல்லாம் தானா ஒரு தாளத்துல உக்காருதேன்னு தோணி எழுதினதுன்னு கதை. ட்யூன் புதுசு இல்ல, ஹரபே தபாதியோன்னு மெக்ஸிகோவோட பழைய நடன மெட்டு.

இந்தப் பாட்டை நான் வேலைக்காக எத்தனை தடவை கேட்டிருப்பேன்னு கணக்கே இல்ல, ஒரு கட்டத்துக்கு மேல அதுல நாடு காதுல விழல, அசைதான் விழுந்துச்சு. கனடா, மெக்ஸிகோ, பனாமா மூணும் இங்கிலீஷ்ல சொல்லும்போது முதல் அசைல அழுத்தம், அடுத்த ரெண்டும் லேசு. நம்ம கணக்குல தகிட தகிட தகிட, மூணு மூணா எண்ணுற திஸ்ரம். அந்த மெட்டும் அதே நடை. அதாவது மனுஷன் பேர்களுக்கு மெட்டு போடல, பேர் ஏற்கனவே எந்த நடைல இருக்கோ அந்த நடைல இருக்கிற மெட்டைத் தேடிப் பிடிச்சிருக்காரு, அதுதான் சாமர்த்தியம்.

எங்களுக்கு வந்தது உலக நாடுகள் இல்ல, இந்திய மாநிலங்கள். உக்காந்து பேரை எல்லாம் பேப்பர்ல எழுதிப் பாத்தா முதல் பார்வைக்கு ஜாக்பாட் மாதிரி இருந்துச்சு, ஏன்னா ஆந்திரா, மத்திய, உத்தர, இமாச்சல, அருணாச்சலன்னு அஞ்சு பிரதேஷ், ஜார்க்கண்ட் உத்தராகண்ட் ஒரு ஜோடி, கடைசி எழுத்து எல்லாம் ரெடிமேடா ஒத்துப் போகுது. மியூசிக் டைரக்டர் அண்ணன் கீபோர்டுல கை வெச்ச உடனே "இமாச்சல் அருணாச்சல்"னு முனக ஆரம்பிச்சிட்டாரு, அவ்ளோ அழகா விழுது. ஆனா ஒண்ணு வடமேற்குல இமயமலை ஓரம், இன்னொண்ணு நாட்டோட வடகிழக்கு மூலைல, நடுவுல உத்தராகண்ட், உத்தரப் பிரதேசம், பீகார், சிக்கிம்னு எவ்ளோ இருக்கு, நேபாளம் பூட்டான்னு ரெண்டு நாடே இருக்கு. பாட்டுல பக்கத்துல பக்கத்துல சொன்னா குழந்தை மனசுல அது பக்கத்து வீடுதான். "அண்ணே இது வேணாம்ணே"ன்னேன். "தம்பி, இதை விட்டா உனக்கு பாட்டே இல்ல"ன்னாரு.

அந்த வாக்குவாதம் இன்னமும் முடியல. அப்பதான் யாக்கோ பாட்டைத் திரும்பப் போட்டு வரி வரியா மேப்ல வெச்சுப் பாத்தேன். ஆரம்பம் ஒழுங்காத்தான் இருக்கு, வட அமெரிக்கா, நடு அமெரிக்கா, தென் அமெரிக்கான்னு ஏதோ ஒரு வரிசை இருக்கு. போகப் போக ட்யூன் ஜெயிக்குது. மௌரிடானியா ஆப்பிரிக்கால மேற்குப் பக்கம் இருக்கு, அதுக்கு அடுத்து ட்ரான்சில்வேனியா வருது, அது நாடே இல்ல, ருமேனியாக்குள்ள இருக்கிற ஒரு பகுதி. இழுத்துட்டு வந்தது அந்த "ஏனியா" சத்தம்தான், வேற காரணம் தேட வேண்டாம். நாடுகள் லிஸ்ட்டுக்கு நடுவுல ஆசியான்னு ஒரு கண்டமே வந்து உக்காந்திருக்கு. பெனின் பேர் வந்த கொஞ்ச நேரத்துல தஹோமேயும் வருது, ரெண்டும் ஒரே நாடு, 1975லேயே பேர் மாத்தியாச்சு. ரெண்டு ஏமன்னு பாடுறாங்க, அது 1990லேயே ஒண்ணாயிடுச்சு. செக்கோஸ்லோவாக்கியா 1993 ஜனவரி ஒண்ணாம் தேதி பிரிஞ்சது, பாட்டு டிவில வந்தது செப்டம்பர்ல. தென்னாப்பிரிக்கா இல்லவே இல்ல. சிங்கப்பூரும் இல்ல, நம்ம ஆளுங்க கேட்டா கோவப்படுவாங்க. ஸ்ரீலங்கா இருக்கு, பக்கத்துல நியூகினியும் சுமத்ராவும்.

இதை வெச்சு அந்தப் பாட்டைக் கிண்டல் பண்றவங்க நிறைய. எனக்கு அப்படிக் கிண்டல் பண்ணத் தோணல, ஒரு அசை குறையுதுன்னு ராத்திரி முழுக்க உக்காந்தவனுக்குத்தான் தஹோமே எப்படி உள்ள வந்திருக்கும்னு புரியும். ஆனா ட்ரான்சில்வேனியாவை மன்னிக்க முடியாது, அது சோம்பேறித்தனம்.

பாட்டு கெட்டுப் போற இன்னொரு வழி, மேப்பே மாறிடுறது. யாக்கோ பாட்டுல கடைசிப் பேர் சூடான், 2011ல அது ரெண்டாச்சு. ஜைர் 1997ல காங்கோ ஆயிடுச்சு. பின்னாடி கச்சேரி மேடைகள்ல ரோகெலும் பால்சனும் புது நாடுகளைச் சேர்த்தும் பாடினாங்க (பால்சனுக்கு 2016ல தொண்டைல கேன்சர் வந்து, அதுல மீண்டு வந்தும் இதைப் பாடுறாரு, அது தனிக் கதை). எங்களுக்கும் இது நடந்துச்சு. இருபத்தொன்பது மாநிலம்னு பல்லவிலேயே வெச்சு ரெக்கார்டிங் முடிச்சு, அனிமேஷனும் பாதி போயிட்டு இருக்கும்போது 2019 ஆகஸ்ட்ல ஜம்மு காஷ்மீரைப் பிரிக்கிற அறிவிப்பு வந்துச்சு, அக்டோபர் 31லேர்ந்து மாநிலம் 28. யூனியன் பிரதேசம் 9 ஆச்சு, அதைத் திருத்தி முடிக்கிறதுக்குள்ள 2020 ஜனவரி 26ல தாத்ரா நகர் ஹவேலியையும் டாமன் டையூவையும் சேர்த்து 8 ஆக்கிட்டாங்க. இருபத்தொன்பதுக்குப் போட்ட மெட்டுல இருபத்தெட்டு உக்காராது, பாடிப் பாருங்க. அதுலேர்ந்து பல்லவில எண்ணிக்கையே வைக்கிறதில்ல. மாவட்டப் பாட்டு கேட்டு வந்தவங்களுக்கும் இதையேதான் சொன்னேன், 32 எப்படி 38 ஆச்சுன்னு அவங்களே பாத்தவங்கதானே, உடனே ஒத்துக்கிட்டாங்க.

மேப் வரையறதும் தனி தலைவலி. அனிமேட்டர் பசங்க நெட்ல கிடைக்கிற முதல் மேப்பை எடுத்து ட்ரேஸ் பண்ணிடுவாங்க, அதுல காஷ்மீர்ல புள்ளிக்கோடு இருக்கும். சர்வே ஆஃப் இந்தியா எல்லை மாதிரி இல்லாம இந்திய மேப் போட்டா சட்டப்படி குத்தம், அதனால அவுட்லைனை மட்டும் நானே ஒரு தடவை பாத்து ஓகே சொன்ன பிறகுதான் கலர் அடிப்பாங்க.

பாட்டு வேலை செய்யுதான்னு பாக்க ஒரு ஸ்கூல்ல மூணாங்கிளாஸ்ல போட்டோம். நாலஞ்சு நாள்ல பிள்ளைங்க தலைகீழா பாடுச்சுங்க, ஒரு பேர் விடல, க்ளையன்ட் பக்கத்து மேடத்துக்கு ஏக சந்தோஷம். அப்ப கிளாஸ் மிஸ் எங்க யார்கிட்டயும் கேக்காம ஒரு வெத்து மேப்பை போர்டுல மாட்டி, நல்லா பாடின ஒரு பொண்ணைக் கூப்பிட்டு "திரிபுரா காட்டு"ன்னாங்க. அது வாய்க்குள்ள முதல் வரிலேர்ந்து பாட ஆரம்பிச்சு, திரிபுரா வந்ததும் டக்குனு நிறுத்திட்டு, விரலை குஜராத் மேல வெச்சுச்சு. எங்க பாட்டுல அந்த இடத்துல ஸ்கிரீன்ல திரிபுரா கலர் மாறும், ஆனா அரை செகண்ட்தான், அதுக்குள்ள அடுத்த பேர் வந்துடும், கண்ணு போய்ச் சேர நேரமே இல்ல. யாக்கோவோட குச்சியும் அப்படித்தான் பறக்கும், ஆனா அது சிரிக்கிறதுக்காக எடுத்தது, வேகம்தான் அதுல ஜோக். நாங்க அந்த ஜோக்கை எடுத்துட்டு வந்து பாடம்னு வித்துட்டு இருந்தோம். பாட்டு பேரை வாய்ல நிறுத்தும், அவ்ளோதான், அந்தப் பேர் எங்க இருக்குன்னு விரல்தான் கத்துக்கணும்னு எனக்கு அன்னைக்குத்தான் உறைச்சது.

அதனால இப்ப எழுதுறதுல நாலு பேருக்கு ஒருக்கா ஒரு பாரு (தாளத்தோட ஒரு சுத்து) முழுக்க வார்த்தை இல்லாம விடுறேன், வெறும் தாளம் மட்டும், அந்த நேரத்துல மேப் பெருசாகி அந்த நாலு இடமும் ஒவ்வொண்ணா மின்னும், பிள்ளைங்க எழுந்து போய்த் தொடலாம். வேகம் போயிடுச்சுன்னு க்ளையன்ட்டுக்கு வருத்தம். அண்ணனுக்கு அதைவிட வருத்தம், அந்த காலி பாருல புல்லாங்குழலாவது போட்டுக்கறேன்னு ஒவ்வொரு பாட்டுக்கும் கேக்குறாரு. இமாச்சலுக்கும் அருணாச்சலுக்கும் நடுவுல ஒரு காலி பாரு விட்டா பக்கத்துல வெச்சுக்கலாமான்னும் போன வாரம் கேட்டாரு, நான் இன்னும் பதில் சொல்லல.